ஒரு கரண்டிச் சீனி

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலிலே ஓடும் குருதி ஏறத்தாழ 5 லீற்றர். அக்குருதியிலே எந்நேரமும் கரைந்து நிற்கும் சீனியின் அளவு 4 அல்லது 5 கிராம். தேநீர்க் கடையிலே ஒரு கோப்பைக்கு இடும் ஒரு சிறு கரண்டிச் சீனி அவ்வளவுதான். மனிதன் சிந்திப்பதும், நடப்பதும், கோபங் கொள்வதும், கவிதை படிப்பதும் இந்த ஒரு கரண்டிச் சீனி குறையாமல் இருக்கும் வரைதான் என்பதை எம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூளை உடலின் எடையிலே ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசு அதற்கு வேண்டும். கையிருப்போ ஒரு கரண்டி. ஆதலால் எங்கிருந்தோ இடைவிடாது வந்து சேர வேண்டும். அந்தக் களஞ்சியம் ஈரல். ஈரலிலே சீனி மாப்பொருளாகச் சேமிக்கப்பட்டுத் தேவைக்கேற்பக் குருதியில் விடப்படுகிறது என்ற உண்மையைப் பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் பேர்னாட் 1850களிலே நிறுவினார். நன்றாக உண்ட மனிதனின் ஈரலில் 100 கிராம் அளவிலே இந்தச் சேமிப்பு இருக்கும். தசைகளில் அதைப்போல நான்கு மடங்கு இருக்கலாம். ஆனால் தசை தான் சேமித்ததைத் தானே எரித்து முடிக்கும்; பிறர்க்கு ஈயாது. அதைக் குளுக்கோசாக்கிக் குருதிக்குள் விடுவதற்கு வேண்டிய நொதியம் தசையில் இல்லை. எனவே, ஓடுகின்றவனின் காலிலே மிச்சம் இருந்தாலும் அவனது மூளை பட்டினி கிடக்கக்கூடும்.

இலக்கியச் சஞ்சிகையிலே இந்த உடற்றொழிற் பாடம் எதற்கென்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். பசியைப் பற்றி எழுதாத முற்போக்கு எழுத்தாளன் இல்லை. பசி வயிற்றிலே எரிவதை நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அது மூளையிலே என்ன செய்கிறது என்பதை எழுதியது குறைவு. விரும்பி ஏற்றுக்கொண்ட பட்டினி ஒன்றின் மூலமாக இதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

* * *

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எமது நாற்பத்தொன்பதாம் வயதிலே, எமது எடை 88 கிலோவாக இருந்தது. வெறும் வயிற்றிலே எடுத்த குருதிப் பரிசோதனையில் சீனியின் அளவு 118 மில்லிகிராம் என்று காட்டியது. (இந்த அளவுகள் யாவும் 100 மில்லிலீற்றர் குருதிக்குரியன.) 100இற்குக் கீழே இருக்க வேண்டியது, 126ஐத் தொட்டால் சீனி வருத்தம். இடையிலே நின்ற எம்மை நோக்கி வைத்தியர், ‘மருந்து இப்போது வேண்டாம், மாஸ்ரர், எடையைக் குறையுங்கள், நடவுங்கள்’ என்றார். நாம் நடந்தோம், பின்னர் ஓடினோம். பாடசாலையிலே நெடுந்தூர ஓட்டப் பயிற்சியைப் பார்த்துக் கொள்பவரும் நாமே ஆதலால், மாணாக்கருடன் சேர்ந்து ஓடுவது எமக்கு வாய்ப்பாகவும் இருந்தது. இரவிலே சோற்றை விட்டோம். காலையிலே சீனியற்ற தேநீர். மதியம் அரைப் பங்கு சோறும் கீரையும் மீனும். ஐந்து மாதங்களில் 11 கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, வடமராட்சிக் கடற்கரை வீதியிலே, பதினோராவது கிலோமீற்றர் அளவில், காலிலே சோர்வு ஏதும் இல்லாதபோதே எமது கைகள் நடுங்கத் தொடங்கின. கடற்காற்று வீசிக்கொண்டிருக்க, கழுத்திலே குளிர்ந்த வியர்வை பெருகிற்று. நெஞ்சு படபடத்தது. பின்னர் வந்ததுதான் விசித்திரமானது. வீதியோரப் பலகையிலே எழுதியிருந்த ஊரின் பெயர் தெரிந்தது. எழுத்துக்கள் தெளிவாகவே தெரிந்தன. ஆனால் அவற்றைக் கூட்டிப் படிக்க இயலவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எமக்கு ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்க முடியவில்லை! காரணமில்லாத ஒரு கோபமும் எழுந்தது. எவர் மீதென்று சொல்ல முடியாத கோபம்.

அவ்விடத்திலே சிறு தேநீர்க் கடை ஒன்று உண்டு. அதை நடத்தும் அம்மையார் எம்மைக் கண்டதும் வெளியே வந்தார்.

“என்ன மாஸ்ரர், ஒரு மாதிரி நிக்கிறியள்? முகம் வெளிறிப் போச்சு. இதிலை இருங்கோ.”

“ஒண்டுமில்லை அக்கா. கொஞ்சம் தண்ணி...”

“தண்ணி காணாது. இதைக் குடியுங்கோ. சீனி வேண்டாம் எண்டு சொல்லாதையுங்கோ. இப்ப சீனிதான் வேணும். என்ரை மனுசன் ஊசி போடுறவர். அவருக்கும் இப்பிடித்தான் வாறது.”

மூன்று கரண்டி சீனி கரைத்த வெறுந்தேநீர். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களிலே நடுக்கம் அடங்கிற்று. பலகையிலே இருந்த ஊரின் பெயர் மீண்டும் ஊரின் பெயராயிற்று. வைத்திய நூல் எதையும் படியாத அந்த அம்மையார், நோயாளியான கணவனைப் பராமரித்த அனுபவத்தினாலே, நூல்கள் சொல்லும் சிகிச்சையையே செய்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

* * *

இத்தகைய மயக்கத்தை ஓட்டக்காரரிடம் முதன்முதல் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்கள். 1921இலே ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922இல் அது நோயாளருக்குச் செலுத்தப்பட்டபோது, அளவு மிஞ்சினால் நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் மயக்கமும் வருவதை வைத்தியர்கள் கண்டார்கள். நெடுந்தூர ஓட்டம் முடிந்து விழுகின்றவர்களிடமும் இதே குறிகள் காணப்படுவது லெவின், கோர்டன், டெறிக் என்னும் மூவரின் கவனத்தை ஈர்த்தது. 1924ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டம் முடிந்த இடத்திலேயே ஓட்டக்காரரின் குருதியை எடுத்துச் சோதித்தார்கள். நல்ல நிலையில் வந்தவர்களின் சீனி பெரிதும் குறையவில்லை. வெளிறி, தள்ளாடி, குழம்பி வந்தவர்களின் சீனி மிகவும் தாழ்ந்திருந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1925இலே, ஓட்டத்துக்கு முந்திய நாட்களில் மாப்பொருள் உணவை நிறைய உண்ணவும், ஓடும்போது இனிப்புக்களைத் தின்னவும் சில ஓட்டக்காரர்க்குச் சொன்னார்கள். அவர்களது குருதிச் சீனி தாழவில்லை. அவர்கள் நல்ல நிலையிலே ஓடி முடித்தார்கள்.

அதுவரை ‘மனவலிமை குன்றிற்று’ என்றும் ‘உறுதி போதாது’ என்றும் பேசப்பட்டதொன்று, கைப்பிடி இனிப்பினால் நீங்கிவிட்டது. இந்த உண்மையின் கருத்து ஓட்டத்தோடு நின்றுவிடுவதன்று. உள்ளத்தின் உறுதி என்று நாம் போற்றுவதற்கும் ஒரு சடப்பொருள் அடிப்படை உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

எமக்கு நேர்ந்ததும் இதுதானா என்பதை ஊகத்தால் முடிவு செய்ய நாம் விரும்பவில்லை. தலை சுற்றுவதெல்லாம் சீனிக் குறைவினாலன்று. நீர்வற்றினாலும் தலை சுற்றும். படுத்திருந்து சடுதியாக எழுந்தாலும், குருதி அமுக்கம் தாழ்ந்தாலும், இரும்புச் சத்துப் போதாமற் சோகை பிடித்தாலும் சுற்றும். நியூயோர்க்கிலே சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த அலன் விப்பிள் 1930களிலே மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: குறிகள் தோன்ற வேண்டும், அவ்வேளையிலே அளந்தால் சீனி தாழ்ந்திருக்க வேண்டும், சீனியை உயர்த்தினாற் குறிகள் நீங்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் சீனிக் குறைவு என்று சொல்லலாம். ஊரிலே மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் விரல்நுனியிற் குத்தி அளக்கும் கருவியை இரவல் தந்தார். அடுத்த மாதம் மீண்டும் நடுக்கம் கண்டபோது வீதியோரத்திலே அமர்ந்து அளந்தோம்: 58. மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்துக் கால் மணி நேரம் கழித்து அளந்தோம்: 84. நடுக்கமும் போயிற்று. விப்பிளின் மூன்று நிபந்தனைகளும் பொருந்தின. 70இற்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54இற்குக் கீழே போனால் ஆபத்து என்பது சீனி வருத்தத்திற்கு மருந்து எடுப்போர்க்கு வைத்தியர்கள் வகுத்திருக்கும் அளவு. எமக்கு மருந்து இல்லை. நாம் மீண்டும் வைத்தியரிடம் சென்று இவ்வெண்களைக் காட்டினோம். மருந்தெடாத ஒருவருக்கு இது அடிக்கடி நேர்ந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டும் என்றார், தேடினார், வேறு காரணம் இருக்கவில்லை. இரவிலே சோறில்லாமல் உறங்கி, விடியலிலே வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் ஓடியதால் ஈரலின் களஞ்சியம் காலியாயிற்று, அவ்வளவே.

* * *

அன்று முதல் நாம் கைக்கொண்டு வரும் முறைகளை இங்கே சொல்லுவது ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்படும் என எண்ணுகிறோம்.

குறிகள் இரண்டு கட்டமாக வருகின்றன. முதலில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி. இவை அதிரினலின் சுரந்து உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. அதை மீறினால் மூளையின் பட்டினி வெளிப்படும்: சொல் தடுமாறும், கண் மங்கும், காரணமற்ற சினம் வரும், எளிய கணக்குப் பிழைக்கும். இரண்டாங் கட்டத்திலே நிற்பவனுக்குத் தன் நிலை தனக்கே தெரியாது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வாதாடுவான். ஆகவே, தனியே ஓடுவதிலும் துணையோடு ஓடுவது நன்று. மணி அடித்த முதற் கணத்திலேயே நின்றுவிட வேண்டும். ‘அந்த மரம் வரை, அந்த மதகு வரை’ என்று ஓடுதல் ஆகாது.

நின்றபின் 15 கிராம் அளவு, அதாவது மூன்று சிறு கரண்டி சீனி அல்லது குளுக்கோசு மா, தண்ணீரிலோ வெறுந்தேநீரிலோ கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். குறி நீங்காவிடில் மீண்டும் அதே அளவு. பனங்கட்டியும் பயன்படும், அதிலே பெரும்பங்கு சீனியே. ஆனால் கச்சானும் சொக்கலேற்றும் அவ்வேளைக்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சீனி குருதிக்குள் சேருவதைத் தாமதப்படுத்தும். சீனிக்குப் பதிலாக இனிப்புக்காக மட்டும் விற்கப்படும் குளிசைகளும், ‘சீனியற்றது’ என்று எழுதிய பானங்களும் நாக்கை ஏமாற்றுமேயன்றி மூளையை ஏமாற்றா. குணமடைந்தபின் பாணும் பருப்பும், அல்லது புட்டும் பயறும் போன்ற ஒரு நேர உணவு அவசியம். இல்லாவிடில் ஏறிய சீனி மீண்டும் இறங்கும். நினைவிழந்து கிடப்பவரின் வாயிலே எதையும் ஊற்றக் கூடாது. அது சுவாசக் குழாய்க்குட் போய் உயிரைப் பறித்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வராமற் காப்பது இதனினும் எளிது. கடும் பயிற்சி நாளுக்கு முந்திய இரவிலே சோற்றையோ இடியப்பத்தையோ விடுவதில்லை. விடியலில் ஓடுவதாயின் அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழம். சிலருக்கு வெறுஞ் சீனியைக் குடித்துவிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து ஓடத் தொடங்கினால் இன்சுலின் மிகுதியாற் சீனி தாழ்வதும் உண்டு. தமக்குப் பொருந்துவதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாயின் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாப்பொருள் ஓடும்போதே வேண்டும். எடையைக் குறைக்க விரும்புவோர் ஓய்வு நாட்களிலே குறைத்து உண்ணலாம். பயிற்சி நாளிலே பட்டினி கிடப்பது ஒரு கையாற் கிணறு வெட்டி மறு கையால் தூர்ப்பது போன்றது. நாம் இப்போது மாதம் ஒரு கிலோவுக்கு மேல் குறைப்பதில்லை. பரிசோதனையில் எமது சீனி 97க்கு வந்துவிட்டது. நடுக்கம் ஆறு மாதங்களாக வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிக்கடி சீனி தாழ்ந்து பழகிய உடலிலே எச்சரிக்கை மணியும் மெல்ல ஓய்ந்துவிடும். இன்சுலின் எடுப்போரிடம் இது நன்கு அறியப்பட்ட அபாயம். நடுக்கம் வருவதே இல்லை, நேரே மயக்கந்தான். ‘பழகிப் போய்விட்டது’ என்று பெருமை பேசுவோர் இதனை மனங்கொள்வார்களாக.

* * *

எமக்குத் தேநீர் தந்த அம்மையாரின் கணவர் ஒரு காலத்திலே வெங்காயத் தோட்டத்திற் கூலி வேலை செய்தவர். அவரோடு பேசியபோது எமக்கு ஒரு வேறுபாடு விளங்கிற்று. நாம் ‘பயிற்சி’ என்கிறோம். அவர் ‘வேலை’ என்கிறார். நாம் ‘உணவுக் கட்டுப்பாடு’ என்கிறோம். அவர் ‘சாப்பிடக் கிடைக்கேல்லை’ என்கிறார். உடலுக்கோ இந்தச் சொற்கள் தெரியா. வெயிலிலே நான்கு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பதும் 20 கிலோமீற்றர் ஓடுவதும் ஈரலின் களஞ்சியத்திற்கு ஒன்றுதான்.

ஊசிக்கு மாறுமுன் அவர் குளிசை எடுத்தாராம். சீனி வருத்தக் குளிசைகளிலே சில, கிளிபென்கிளமைட்டு போன்றவை, உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். காலையிலே குளிசையைப் போட்டுவிட்டு, ‘பத்து மணித் தேநீர் வரும்’ என்று நம்பித் தோட்டத்தில் இறங்கினால், தேநீர் வரத் தாமதமானால், வரம்பிலே விழ வேண்டியதுதான். விழுந்திருக்கிறார். கண்டவர்கள் ‘வெறி’ என்று ஒதுங்கிப் போனார்கள். மாதாந்தக் கிளினிக்கிலே விடியமுன் சென்று வரிசையில் நின்று, வெறும் வயிற்றிலே குருதி கொடுத்து, நண்பகல்வரை மருந்துக்குக் காத்திருந்து அங்கேயே தள்ளாடியதும் உண்டு. ‘சீனி வருத்தக்காரனுக்குச் சீனி நஞ்சு’ என்று ஊரிலே பரவியுள்ள அரைகுறை அறிவினால், அவ்வேளையிலே சீனி கொடுக்க வந்தவரைத் தடுத்தவர்களும் இருந்தார்களாம். முழு அறிவைத் தராது அரை அறிவைப் பரப்பும் சமுதாயத்திலே, அந்த அரை அறிவே உயிரைக் குடிக்கிறது. வேலை முடிந்து வெறும் வயிற்றிலே கள்ளோ சாராயமோ அருந்துவதும் பேராபத்து. மது, ஈரல் புதிதாகச் சீனி செய்யும் தொழிலைத் தடுத்துவிடும். இதைக் கூலிக்காரனின் ஒழுக்கக் கேடென்று போதிப்பவர்கள் உளர். அந்த நேரத்திலே அவனது வயிறு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

மலையகத்திலே ரொட்டியும் தேநீரும் உண்டு மேட்டு நிலம் ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வைத்தியர்கள் 2014ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். செலவிடும் சக்திக்கு ஈடாக உண்ணாத விளையாட்டு வீரர்க்கு மாதவிடாய் நின்றுபோதல், எலும்பு மெலிதல், நோயெதிர்ப்புக் குன்றுதல், மனச்சோர்வு முதலியன தொடரும் என்று அதிலே விளக்கினார்கள். வீராங்கனைகளுக்கு அதைக் கண்டறிந்து சொல்ல வைத்தியர் குழு இருக்கிறது. தொழிலாளிப் பெண்ணின் உடலிலே அதே கணக்கு நடக்கும்போது அதற்கு ஒரு பெயரைக்கூட எவரும் தேடவில்லை.

விரும்பி ஏற்ற பட்டினிக்கும் விதிக்கப்பட்ட பட்டினிக்கும் உள்ள பேதத்தை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒன்றும் எமக்கு உணர்த்திற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில், 1944 – 45இலே, போரிட மறுத்த இளைஞர் 36 பேர் ஆன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானியின் பரிசோதனைக்குத் தம்மை ஒப்புக் கொடுத்தார்கள். யுத்தத்தாற் பட்டினி கிடக்கும் மக்களை எவ்வாறு மீட்பது என்பதை அறிவதே நோக்கம். ஆறு மாதங்கள் அரைப் பட்டினி. வாரந்தோறும் 22 மைல் நடை. உடல் எடையிலே நான்கில் ஒரு பங்கு போயிற்று. திடகாத்திரமும் உயர்ந்த கொள்கையும் உடைய அந்த இளைஞர்கள் உணவைத் தவிர வேறெதையும் சிந்திக்க இயலாதவராயினர். சமையற் புத்தகங்களைப் படித்தனர், எரிந்து விழுந்தனர், நட்பை வெறுத்தனர். முடியும் நாள் எதுவென்று அறிந்திருந்தும், வைத்தியர் சூழ இருந்தும், அவர்கள் நிலை அது. முடியும் நாள் தெரியாத பட்டினியிலே கிடப்பவனிடம் பொறுமையையும் ஊக்கத்தையும் எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்?

* * *

இவ்வாண்டுப் பயிற்சியிலே எம்மோடு ஓடிய மாணாக்கன் ஒருவன் 5000 மீற்றர் ஓட்டத்தின் நடுவிலே நின்று, பாதையை விட்டு விலகி, எதிர்த் திசையிலே நடக்கத் தொடங்கினான். வெளியிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் ஒருவர், ‘இவனிடம் போராட்டக் குணம் இல்லை’ என்றார். அந்த நடையை நாம் அறிவோம். அவனை இருத்திச் சீனித் தண்ணீர் கொடுத்தோம். அவன் தெளிந்தபின் கேட்டோம்.

“விடிய என்ன சாப்பிட்டனி?”

“தேத்தண்ணி, சேர்.”

“ராத்திரி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னர், “தங்கச்சியாக்களுக்குத்தான் காணும் போல இருந்தது, சேர். நான் பசிக்கேல்லை எண்டு சொல்லிப் படுத்திட்டன்” என்றான்.

நாமும் அவனும் ஒரே வீதியிலே ஓடினோம். இருவரும் இரவிலே சோறின்றிப் படுத்தவர்கள். இருவர்க்கும் ஒரே நடுக்கம். எம்மை ஊர் பாராட்டிற்று. அவனுக்குப் போராட்டக் குணம் இல்லை என்ற பட்டம் கிடைத்தது. தன் பங்கைத் தங்கையர்க்கு விட்டுவிட்டு, விடிந்ததும் எழுந்து ஓட வந்த சிறுவனிடமா போராட்டக் குணம் இல்லை?

அவனை ஒரு தனிப் பிள்ளையாகக் கருதி இரங்கி விடுவது எளிது. ஆனால் இந்நாட்டிலே மாணாக்கரின் வயிறு என்றும் அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை. 1953ஆம் ஆண்டு, பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அதே அரசாங்கம், பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய போசனத்தையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். பிள்ளையின் ஒரு நேர உணவு அரசாங்கத்தையே அசைக்கும் என்று அன்றைய தொழிலாளரும் விவசாயிகளும் காட்டினார்கள். 2022ஆம் ஆண்டிலே நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிவித்த பின்னர், செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட 90 சதவீதத்துக்கும் மேலாக ஏறியிருந்தது. காலைக் கூட்டங்களிலே பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பத்திரிகைகள் எழுதின. ஆசிரியர்கள் அதைக் கண்ணாற் கண்டார்கள். அன்று விழுந்த பிள்ளைகளிலே எத்தனை பேரை ‘நோஞ்சான்’ என்றும் ‘படிப்பில் நாட்டமில்லாதவன்’ என்றும் இடாப்பிலே குறித்து வைத்தோமோ!

இலங்கை ஒலிம்பிக்கிலே இதுவரை பெற்றவை இரண்டே பதக்கங்கள். 1948இல் இலண்டனிலே டங்கன் வைட், 2000இல் சிட்னியிலே சுசந்திகா ஜயசிங்க. இரண்டும் ஓட்டத்திலே கிடைத்தவை. சுசந்திகா வறிய கிராமக் குடும்பத்திலே பிறந்தவர். அவரைச் சுட்டிக்காட்டி, ‘வறுமை திறமைக்குத் தடையன்று’ என்று மேடைகளிலே பேசுகிறார்கள். ஒருவர் தடையைத் தாண்டினார் என்பதற்காகத் தடையே இல்லையென்று ஆகிவிடுமா? பாதையை விட்டு விலகி எதிர்த் திசையில் நடந்தவர்களின் பெயர்களை எந்த மேடையும் அறியாது.

* * *

எமது பாடசாலையிலே ஆசிரியர் சிலரும் பெற்றார் சிலரும் சேர்ந்து இப்போது ஒரு சிறு ஒழுங்கு செய்திருக்கிறோம். பயிற்சி நாட்களில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு வாழைப்பழம். பயிற்சி முடிந்ததும் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது குரக்கன் கஞ்சி. முதலுதவிப் பெட்டியிலே பஞ்சுக்கும் மருந்துக்கும் பக்கத்தில் ஒரு போத்தல் சீனி. அந்த மாணாக்கன் 5000 மீற்றரை இப்போது இடையில் நில்லாமல் ஓடுகிறான். வட்டாரப் போட்டியிலே நான்காவதாக வந்தான். பயிற்சிக்கு வருவோர் தொகை பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்றாக உயர்ந்தது. இவர்களிலே சிலர் ஓட்டத்திற்காகவன்றிப் பயற்றுக்காக வருகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். அவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை.

இது பரிகாரம் என்று நாம் ஒருபோதும் சொல்லோம். தேங்காய் விலை ஏறும்போது பூவின் அளவு குறைகிறது. அடுத்த ஆண்டு இடமாற்றம் வந்து இரண்டு ஆசிரியர்கள் போய்விட்டால் அடுப்பு எரியுமோ தெரியாது. அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் முதன்மையாக ஆரம்ப வகுப்புகளையே கருதியது. பதினைந்து பதினாறு வயதிலே உடல் வளர்ந்து, கடும் பயிற்சியும் செய்யும் பிள்ளைக்கு அதிலே பெரும்பாலும் இடமில்லை. மேல் வகுப்புகளுக்கும் அவ்வுணவு நீட்டப்பட வேண்டும் என்பதை ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைத்தால், அது வெறும் இரக்கமாக இராது. கல்விக் கோரிக்கையாகவே இருக்கும். இலவசக் கல்வியைப் பெற்றுக் கொண்ட நாட்டிலே, கல்வியைக் கொள்ளும் மூளைக்கு வேண்டிய ஒரு கரண்டிச் சீனியை மட்டும் பிள்ளையின் வீட்டுப் பொறுப்பு என்று விடுவது எங்ஙனம் பொருந்தும்?

அதற்கிடையிலே நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. வரவு இடாப்பிலே பெயருக்கு எதிரே இன்னும் ஒரு நிரலை வரைவோம். காலையில் உண்டாயா என்று, பிறர் காதில் விழாதபடி கேட்டுக் குறித்துக் கொள்வோம். ஒரு தவணை முடிவிலே அந்த நிரலைப் பரீட்சைப் புள்ளிகளோடும் ஓட்ட நேரங்களோடும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்போம். அதன் பின்னர், ஒரு மாணாக்கனுக்கு ஊக்கமில்லை என்று எழுத எவருக்கேனும் கை வருமானால் எழுதட்டும்.